உலக வரலாறு நடத்துற சார், மேடம்களுக்கு: லூயியைக் கொஞ்சம் ஒதுக்கி வெச்சுட்டு தரங்கம்பாடி ராஜாவைப் பாருங்க

போட்டித் தேர்வுக்கு உலக வரலாறு நடத்துற, நோட்ஸ் போடுற, கேள்வித்தாள் எடுக்கற எல்லா சார், மேடம்களுக்கும் வணக்கம்.

நான் பொறையார் பக்கத்து ஆளு. சாயங்கால நேரத்துல எங்க ஊர் பசங்களுக்கு கொஞ்சம் வரலாறு சொல்லிக்குடுக்கறது வழக்கம், அதனால நீங்க போடுற மெட்டீரியல், மாடல் டெஸ்ட் எல்லாம் எப்படியும் என் கைக்கு வந்துடும். அதுல ஐரோப்பாவுல வரம்பில்லாத முடியாட்சி எப்படி வந்துச்சுன்னு ஒரு பாடம் இருக்கே, அதைப் பத்திதான் இந்த மடல். சண்டை போடறதுக்காக எழுதல, ஆனா கொஞ்சம் கோவத்தோடதான் எழுதறேன்.

எல்லா நோட்ஸ்லயும் அதே கதைதான். "நானே அரசு" என்று கூறியவர் யார்? நாலு ஆப்ஷன், பதினாலாம் லூயி, டிக். அடுத்து வெர்சாய்ல்ஸ் அரண்மனை, கண்ணாடி மண்டபம், சூரிய மன்னன், தெய்வீக உரிமைக் கோட்பாடு, முடிஞ்சுது பாடம், அடுத்தது பிரெஞ்சுப் புரட்சி. அந்த வசனத்தை லூயி 1655-ல பாரிஸ் நீதிமன்றத்துல பேசினதா கதை இருக்கு, அப்போ அவருக்கு 16 வயசு, ஆனா அன்னிக்கு நடந்ததை எழுதி வெச்ச எந்தப் பதிவுலயும் அந்த வசனம் கிடையாது. சாகற சமயத்துல 1715-ல அவர் சொன்னதா பக்கத்துல இருந்தவங்க எழுதி வெச்சது இதுக்கு நேர் எதிர்: நான் போறேன், அரசு எப்பவும் இருக்கும்னு. சரி, வசனத்தை விடுங்க, பொய்யோ மெய்யோ ஒரு மார்க். என் பிரச்சனை வேற. இப்படி நடத்தினா பசங்க மனசுல என்ன படம் விழுதுன்னா, ஒரு திமிர் பிடிச்ச ராஜா ஒருநாள் காலையில எழுந்து அதிகாரம் மொத்தத்தையும் பிடுங்கிக்கிட்டான், ஜனங்க பாவம் வாய மூடிக்கிட்டு இருந்தாங்க, அப்புறம் ஒருநாள் பொங்கி எழுந்தாங்க, அவ்ளோதான். பிடுங்கினது எப்படி, யார் கையிலேர்ந்து, அந்த நேரத்துல பக்கத்துல நின்னு கை தட்டினது யாரு, இது எதுவுமே பாடத்துல இல்ல.

இது எல்லாத்துக்கும் பதில் சுத்தமா, தேதியோட, கையெழுத்தோட இருக்கற நாடு ஒண்ணு இருக்கு. டென்மார்க். வரம்பில்லாத முடியாட்சியை சட்டமாவே எழுதி, பிரிவு பிரிவா நம்பர் போட்டு வெச்ச ஐரோப்பிய நாடுன்னா அது ஒண்ணுதான். அந்த நாட்டு ராஜாவோட முத்திரையும் கிரீடமும் எங்க ஊர் பக்கத்துல தரங்கம்பாடியில இன்னிக்கும் சுவத்துல இருக்கு. அப்படி இருந்தும் நீங்க டென்மார்க்கை "டேனியர் வருகை 1620"ங்கற ஒத்தை வரியோட முடிச்சுடறீங்க.

கதையை 1620-லேர்ந்தே சொல்றேன். தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட ஒப்பந்தம் போட்டு டேனியர்கள் தரங்கம்பாடியில கோட்டை கட்டின காலத்துல அங்க ராஜா நாலாம் கிறிஸ்டியன். அவர் வரம்பில்லாத ராஜா கிடையாது, இதை முதல்ல குறிச்சுக்கோங்க. அந்தக் காலத்து டென்மார்க்ல ராஜா பட்டத்துக்கு வரணும்னா பிரபுக்கள் கவுன்சில் தேர்ந்தெடுக்கணும், அதுக்கு முன்னாடி அவங்க நீட்டற நிபந்தனைப் பத்திரத்துல கையெழுத்து போடணும், போர் தொடுக்கணும்னா அவங்க சம்மதம் வேணும். 1625-ல ஜெர்மனியில நடந்துக்கிட்டிருந்த முப்பதாண்டுப் போர்ல குதிக்கணும்னு கிறிஸ்டியனுக்கு ஆசை, கவுன்சில் முடியாதுன்னுடுச்சு, மனுஷன் என்ன செஞ்சார் தெரியுமா, டென்மார்க் ராஜாவா போனாத்தானே உங்க சம்மதம் வேணும், ஜெர்மன் பக்கம் ஹோல்ஸ்டைன்னு எனக்கு ஒரு சீமை இருக்கு, நான் அந்த ஊர் பிரபுவா போறேன்னு கிளம்பிட்டார். 1626-ல லுட்டர்ங்கற இடத்துல செம அடி. காசு எங்கேர்ந்து வந்துச்சுன்னா எல்சினோர் கிட்ட, பால்டிக் கடலுக்குள்ள போற குறுகலான ஜலசந்தியில ஒவ்வொரு கப்பலும் நிறுத்தி சுங்கம் கட்டணும், அந்த வசூல் நேரா ராஜா பெட்டிக்குப் போயிடும், கவுன்சில் கணக்கு கேக்க முடியாது. ராஜாவுக்கு தனி வருமானம் இருந்தா சபையை மதிக்க வேண்டியதில்லைங்கற பாடம் இங்கயே இருக்கு, அதையும் நாம நடத்தறதில்ல.

அவர் மகன் மூணாம் பிரெடரிக் 1648-ல பட்டத்துக்கு வர்றார். அப்பன் செஞ்ச கூத்தைப் பாத்துட்டு உஷாரான பிரபுக்கள் இவர்கிட்ட இன்னும் இறுக்கமான பத்திரமா எழுதி வாங்கிட்டாங்க. பிரெடரிக் அமைதியான ஆளு, புத்தகப் பைத்தியம், ரசவாதப் பைத்தியமும் உண்டு. வரம்பில்லாத ராஜான்னா நாம நினைக்கற சூரிய மன்னன் ஜாடை இவர்கிட்ட துளிகூட இல்ல.

1657-ல ஸ்வீடன் மேல போர் அறிவிச்சாங்க. ஸ்வீடன் ராஜா பத்தாம் கார்ல் அப்போ போலந்துல சண்டையில இருந்தார், அங்கேர்ந்து திரும்பி தெக்குப் பக்கமா டென்மார்க்குக்குள்ள நுழைஞ்சுட்டார், 1658 ஜனவரி, பிப்ரவரியில கடும் குளிரு, தீவுகளுக்கு நடுவுல இருக்கற கடல் உறைஞ்சு போச்சு, அந்தப் பனிக்கட்டி மேலயே குதிரைப்படையை நடத்திக்கிட்டு கோபன்ஹேகன் பக்கம் வந்து நின்னார். ரோஸ்கில்டேங்கற ஊர்ல ஒப்பந்தம், ஸ்கோனே முதலான கிழக்குச் சீமை எல்லாம் போச்சு, இன்னிக்கு வரைக்கும் அது ஸ்வீடன்தான். அதோட விட்டாரா, ஆகஸ்ட்ல மறுபடியும் வந்து கோபன்ஹேகனை முற்றுகை போட்டார். இந்த இடத்துலதான் கதை திரும்புது. ஓடிப்போயிடுங்கன்னு சுத்தி இருந்தவங்க சொன்னப்ப, என் கூட்டுலயே சாகறேன்னு பிரெடரிக் சொன்னதா அங்க இன்னிக்கும் சொல்வாங்க. ராஜா ஓடல. நகரத்து வியாபாரி, மாணவன், தொழிலாளி எல்லாம் மதில் மேல ஏறினாங்க, டச்சுக் கப்பல்படை உணவு கொண்டு வந்துச்சு, 1659 பிப்ரவரியில ஸ்வீடன்காரன் ராத்திரி நேரத்துல நடத்தின பெரிய தாக்குதலை அடிச்சு விரட்டினாங்க. முற்றுகை நேரத்துல நகரத்து மக்களுக்கு ராஜா பெரிய பெரிய சலுகையெல்லாம் எழுதிக் குடுத்திருந்தார், பிரபுக்களுக்கு இருக்கற உரிமைகள் உங்களுக்கும்னு.

1660-ல சமாதானம். நாடு பாதி எரிஞ்சு கிடக்கு, கஜானா காலி, கடன் கழுத்து வரைக்கும், கலைச்சு அனுப்பணும்னா படைக்கு சம்பளம் குடுக்கணும். வரி போடறதுக்காக செப்டம்பர் மாசம் கோபன்ஹேகன்ல மூணு வகுப்பு சபையைக் கூட்டறாங்க: பிரபுக்கள், பாதிரிமார், நகரத்து வியாபாரிங்க. நுகர்வு வரி ஒண்ணு போடலாம், எல்லாரும் கட்டணும்னு பேச்சு வந்துச்சு. பிரபுக்கள் என்ன சொன்னாங்க? நாங்க எப்பவும் வரி கட்டறதில்ல, அது எங்க பரம்பரை உரிமை. ரொம்ப நெருக்கினப்புறம், சரி கொஞ்ச காலத்துக்கு மட்டும், கொஞ்சமா, எங்க மாளிகைக்கு விலக்குன்னு இழுத்தாங்க. மதில்ல நின்னு செத்தவன் யாரு, வரி விலக்கு கேக்கறவன் யாருன்னு மத்த ரெண்டு வகுப்புக்கும் பத்திக்கிச்சு.

கோபன்ஹேகன் மேயர் ஹான்ஸ் நான்சன், பிஷப் ஹான்ஸ் ஸ்வானே, இந்த ரெண்டு பேரும்தான் ஆட்டத்தை நகத்தினவங்க. இங்க ஒரு கதை உண்டு, நடந்ததோ இல்லையோ அங்க தலைமுறை தலைமுறையா சொல்ற கதை. அரண்மனைப் பாலத்துக்கிட்ட ஓட்டே கிராக்ங்கற பிரபு நான்சனைப் பாத்து, அங்க இருந்த நீலக் கோபுரத்தைக் கை காட்டி, அது என்னன்னு தெரியுமான்னு கேட்டாராம். அது ஜெயில். நான்சன் பதில் எதுவும் பேசாம திரும்பி, மாதா கோயில் கோபுரத்தைக் கை காட்டினாராம். அங்கதான் ஊரைக் கூட்டற அபாய மணி தொங்குது. ஒரு மணி அடிச்சா மொத்த நகரமும் ஆயுதத்தோட தெருவுல நிக்கும், அதுவும் ரெண்டு வருஷம் முற்றுகையில சண்டை பழகின நகரம்.

வியாபாரியும் பாதிரியும் சேந்து எடுத்த முடிவு என்ன தெரியுமா? பிரபுக்கள் வரி கட்டணும்னு தீர்மானம் போட்டாங்களா? இல்ல. ராஜா பதவியைப் பரம்பரை ஆக்கிடுவோம்னாங்க. யோசிச்சுப் பாருங்க, பிரபுக்களோட பலம் பூரா எதுல இருக்கு? ராஜாவைத் தேர்ந்தெடுக்கற அதிகாரத்துல, அதுக்காக எழுதி வாங்கற பத்திரத்துல. தேர்தலே இல்லைன்னா பத்திரம் எதுக்கு? ஒரே வெட்டு. பிரபுக்கள் தயங்கினாங்க, உடனே அக்டோபர் 10, 11 வாக்குல நகரத்து வாசல் கதவெல்லாம் சாத்திட்டாங்க, காவல் ரெட்டிப்பு, யாரும் வெளிய போக முடியாது. 13-ஆம் தேதி பிரபுக்களும் தலையாட்டிட்டாங்க. அப்புறம் ஒரு கமிட்டி போட்டு, பழைய பத்திரம் செல்லாதுன்னா அப்போ புதுசா என்ன விதின்னு பேச உக்காந்தாங்க, அந்தக் கமிட்டியால எதையும் எழுத முடியல, கடைசியில பிஷப்பும் மேயரும் தள்ளினதுல வந்து நின்ன முடிவு: பழைய பத்திரத்தை ராஜாகிட்ட திருப்பிக் குடுத்துடறோம், புது விதியை ராஜாவே நல்லபடியா எழுதிக்கட்டும். 17-ஆம் தேதி பத்திரம் திரும்பிப் போச்சு. 18-ஆம் தேதி அரண்மனை முன்னாடி மேடை போட்டு எல்லாரும் விசுவாசப் பிரமாணம் எடுத்துட்டாங்க. சபை கூடினதுலேர்ந்து கணக்கு போட்டா மொத்தம் ஆறு வாரம் கூட இல்ல.

1661 ஜனவரி 10-ஆம் தேதி போட்டு ஒரு பத்திரம் தயாராச்சு, ராஜாவுக்கு வரம்பில்லாத பரம்பரை அதிகாரம்னு, அதை நாடு பூரா சுத்த விட்டு பிரபு, பாதிரி, நகரத்தார் எல்லார்கிட்டயும் கையெழுத்து, முத்திரை வாங்கினாங்க. ஐஸ்லாந்து வரைக்கும் போச்சு, 1662-ல கோபவோகுர்ங்கற இடத்துல அவங்களையும் கூப்பிட்டு பிரமாணம் வாங்கினாங்க. இதுல யாரைக் கேக்கவே இல்ல தெரியுமா? விவசாயியை. டென்மார்க்ல பெரும்பாலான ஜனம் விவசாயி, அந்த 1660 சபையில அவங்களுக்கு நாற்காலியே கிடையாது.

இப்போ சொல்லுங்க சார், இதுல ராஜா எங்க பிடுங்கினார்? அவர் மூஞ்சியில எதையும் காட்டாம அரண்மனையில உக்காந்து பாத்துக்கிட்டிருந்தார். உள்ளுக்குள்ள ஆசை இல்லைன்னு சொல்ல மாட்டேன், அவரும் ராணி சோபி அமாலியும் திரைக்குப் பின்னாடி வேலை பாத்திருப்பாங்க, வாசல் கதவை சாத்த உத்தரவு போட்டது யாருன்னு பாத்தாலே தெரியும். ஆனா எடுத்து நீட்டினது ஒரு மேயரும் ஒரு பிஷப்பும், எதுக்குன்னா எதிர்ல உக்காந்திருக்கற பிரபுவை மட்டம் தட்டறதுக்கு. நான் பசங்களுக்கு சொல்றது இது ஒண்ணுதான்: வரம்பில்லாத முடியாட்சிங்கறது மேலேர்ந்து மட்டும் வந்து விழல, பக்கத்து வகுப்புக்காரன் மேல இருந்த ஆத்திரத்துல கீழேர்ந்தும் தூக்கிக் குடுத்தாங்க. குடுக்கும்போது திரும்ப வாங்கறதுக்கு ஒரு வரிகூட எழுதி வெச்சுக்கல. அந்த சபை அதுக்கப்புறம் கூடவே இல்ல, வெறுமனே ஆலோசனை சொல்ற சபைகூட ரோஸ்கில்டேல கூடினது 1835-லதான்.

டென்மார்க்ல மட்டும்தான் இப்படின்னு நினைச்சுடாதீங்க. ஸ்வீடன்ல 1680-ல இதே மாதிரி, பெரிய பிரபுக்கள் வளைச்சுப் போட்ட அரசு நிலத்தை திரும்ப வாங்கணும்னு மத்த வகுப்புகளும் சின்ன பிரபுக்களும் சேந்து பதினோராம் கார்ல் கையில எல்லாத்தையும் குடுத்தாங்க. ஜெர்மன் பக்கம் பிராண்டன்பர்க்ல 1653-ல பேரம் வேற விதமா போச்சு, அந்தச் சீமையை ஆண்ட இளவரசர் படை வெச்சுக்க பிரபுக்கள் ஆறு வருஷத்துக்குப் பணம் ஒத்துக்கிட்டாங்க, பதிலுக்கு அவங்க பண்ணை விவசாயி மேல அவங்களுக்கு இருந்த பிடியை இளவரசர் எழுத்துல உறுதி பண்ணிக் குடுத்தார். பிரான்ஸ்ல லூயியும் பிரபுக்களோட வரி விலக்குல கை வெக்கத் தயங்கினார், பதவிகளைக் காசுக்கு வித்துத்தான் போர்ச் செலவைப் பாத்தார், வெர்சாய்ல்ஸ்ல கண்ணாடி ஜொலிச்சதுக்குப் பின்னாடி இவ்ளோ பேரம் இருக்கு. எந்த நாட்டைப் பாத்தாலும் யாரோ ஒருத்தர் கூட ஒரு டீல், அந்த டீலுக்கு பில் கட்டறது அங்க இல்லாத இன்னொருத்தர்.

சட்டத்துக்கு வர்றேன். 1665 நவம்பர்ல ராஜ சட்டம்னு ஒண்ணு எழுதினாங்க, 40 பிரிவு. எழுதினது பெதர் ஷூமாக்கர், ஒயின் வியாபாரி மகன், அப்போ வயசு 30. ராஜாவுக்கு மேல கடவுளைத் தவிர வேற தலையும் கிடையாது, நீதிபதியும் கிடையாது. சட்டம் போட, மாத்த, ரத்து பண்ண, விலக்குக் குடுக்க அவர் ஒருத்தருக்குத்தான் அதிகாரம். ராஜாவுக்கு 13 வயசு முடிஞ்சா மேஜர். ராஜாவுக்கே இருக்கற தடைன்னு பாத்தா சொற்பம்: லூத்தரன் மதத்தை விடக்கூடாது, நாட்டைப் பங்கு போடக்கூடாது, இந்த சட்டத்தை மட்டும் மாத்தக்கூடாது. தன்னோட அதிகாரத்தைக் குறைச்சுக்கற அதிகாரம் மட்டும் ராஜாவுக்கு இல்ல, என்ன ஒரு மூளை பாருங்க அந்த ஷூமாக்கருக்கு. இதுல செம காமெடி என்னன்னா, இந்த சட்டத்தை ரகசியமா வெச்சிருந்தாங்க. எந்த ஜனங்க மேல இது செல்லுபடியாகுமோ அவங்க கண்ணுல அது அச்சுல பட்டது 1709-லதான். 44 வருஷம்.

ஷூமாக்கர் என்ன ஆனார்னு கேக்கறீங்களா? அடுத்த ராஜா அஞ்சாம் கிறிஸ்டியன் காலத்துல அவர்தான் எல்லாம். 1671-ல கிரிஃபன்ஃபெல்டுங்கற பேரோட பிரபு பட்டம், அப்புறம் கவுண்ட் பட்டம், சான்சலர் பதவி. 1676 மார்ச்ல திடீர்னு கைது. ராஜதுரோகம், லஞ்சம்னு வழக்கு, மரண தண்டனை. ஜூன் மாசம் கோபன்ஹேகன்ல மேடை ஏத்தி, மண்டி போட வெச்சு, வாளை உருவின நேரத்துல ராஜாவோட ஆள் மன்னிப்புன்னு கத்திக்கிட்டு வர்றான். விடுதலை இல்ல, ஆயுள் சிறை. நார்வேல ட்ரோண்ட்ஹைம் பக்கத்துல முன்க்ஹோல்மன்னு கடல் நடுவுல ஒரு தீவுக் கோட்டை, அங்கதான் பெரும்பாலான காலம், 1699-ல செத்தார். ராஜாவுக்கு மேல அப்பீலே கிடையாதுன்னு எழுதின அதே கை. வரம்பில்லாத முடியாட்சின்னா என்னன்னு பத்து மார்க் கேள்விக்கு இந்த ஒரு ஆளோட வாழ்க்கையை எழுதினாலே போதும், நானா இருந்தா முழு மார்க் போடுவேன்.

1660-ல சண்டையே பிரபுவோட வரி விலக்குக்காகத்தானே, அது என்ன ஆச்சு? முதல்ல விலக்கு போச்சு, வாஸ்தவம். நிலத்தை அளந்தாங்க, வயல் வயலா இறங்கி அளந்து 1688-ல நிலப் பதிவேடு போட்டாங்க, அந்தக் காலத்துக்கு அது அபார வேலை. 1683-ல நாடு பூராவுக்கும் ஒரே சட்டப் புத்தகம், அதுவும் நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா கடன்காரங்களுக்குக் குடுக்க காசில்லாம ராஜா அரசு நிலத்தை வித்தார், வாங்கினது யாரு, அதே பெரிய வியாபாரிங்க. அப்புறம் விவசாயிகிட்ட வரி வசூல் பண்ணித் தர்ற பொறுப்பை பண்ணைக்காரன் தலையில கட்டி, அதுக்குக் கூலியா குறிப்பிட்ட அளவு நிலம் வெச்சிருக்கற பண்ணைக்காரனோட சொந்தப் பண்ணைக்கு வரி விலக்கு. அதாவது வாசல் வழியா போனது கொல்லைப்பக்கமா வந்துடுச்சு, ஆளுதான் மாறியிருக்கு. 1733-ல இன்னும் ஒரு படி மேல போயி, விவசாயி வீட்டு ஆம்பளைப் பசங்க பொறந்த பண்ணையை விட்டுப் போகக்கூடாதுன்னு உத்தரவு, பட்டாளத்துக்கு ஆள் வேணும், பண்ணைக்குக் கூலி வேணும். 1788-லதான் அதை எடுக்க ஆரம்பிச்சாங்க.

சரி, தரங்கம்பாடி. நீங்க எல்லாரும் மதப் பிரசாரத்துக்கு வந்த சீகன்பால்கு பாதிரியார் பேரை நடத்தறீங்க, 1706-ல வந்தார், அச்சுக்கூடம், தமிழ்ல புதிய ஏற்பாடு. அவரை அனுப்பினது யாரு? நாலாம் பிரெடரிக், மேல சொன்ன ராஜ சட்டப்படி உலகத்துல கடவுளுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டிய ராஜா. அவரோட ஆணையை கையில வெச்சுக்கிட்டு 1706 ஜூலையில சீகன்பால்குவும் புளூட்சோவும் கரை இறங்கறாங்க. தரங்கம்பாடியை நடத்தின டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்களுக்கு இவங்க வர்றது பிடிக்கல, வியாபாரத்துக்கு இடைஞ்சல்னு நினைச்சாங்க. கோட்டைத் தலைவர் ஹாசியஸ் முதல் நாள்லேர்ந்தே முகம் குடுக்கல, 1708 கடைசியில சீகன்பால்குவைப் பிடிச்சு கோட்டைக்குள்ள அடைச்சுட்டார், நாலு மாசம். ராஜாவோட சொந்த ஆளு, ராஜாவோட கோட்டைக்குள்ளயே, டேனிஷ் கம்பெனி அதிகாரி கையால ஜெயில்ல. கடிதம் போயி பதில் வர ஒரு வருஷத்துக்கு மேல ஆகற தூரத்துல வரம்பில்லாத அதிகாரத்துக்கு வரம்பு தானா வந்துடுது. அவர் வெளிய வந்தது 1709-ல, அங்க கோபன்ஹேகன்ல ராஜ சட்டம் அச்சாகி வெளிய வந்த அதே வருஷம். தரங்கம்பாடியில அந்த டான்ஸ்போர்க் கோட்டைக்குப் போறவங்க பீரங்கி பக்கத்துல போட்டோ எடுத்துட்டு வந்துடறாங்க, இந்த நாலு மாசத்தைப் பத்தி யாராவது ஒருத்தர் சொன்னா பாடம் அங்கயே நடந்துடும். அவர் கட்டி 1718-ல திறந்த புதிய எருசலேம் ஆலய முகப்புல கிரீடத்தோட ஒரு எழுத்துக்கோலம் இருக்கும் பாருங்க, அது அதே பிரெடரிக்கோட பேரு.

ஊருக்குள்ள நுழையற வாசல் இருக்கே, வெள்ளையா, அது 1792-ல கட்டினது. அப்போ ராஜா ஏழாம் கிறிஸ்டியன், இந்த ஆள் கதையை விட மனசு வரல. 1766-ல பட்டத்துக்கு வந்தப்ப 16 வயசு, கொஞ்ச நாள்லயே மனநிலை சரியில்ல. ராஜ சட்டத்துல 40 பிரிவு இருக்கு, வயசு வந்த ராஜாவுக்கு புத்தி பேதலிச்சா என்ன பண்றதுன்னு மட்டும் வழி கிடையாது, ஏன்னா அதைத் தீர்மானிக்க ராஜாவுக்கு மேல ஒரு ஆள் வேணுமே. அதனால என்ன ஆச்சுன்னா ராஜாவுக்கு வைத்தியம் பாக்க வந்த ஸ்ட்ரூயன்ஸேங்கற ஜெர்மன் டாக்டர் கையில நாடு போச்சு. 1771-ல அவர் போடற கையெழுத்தே ராஜா கையெழுத்து மாதிரி செல்லும்னு உத்தரவு. ஆயிரத்துக்கும் மேல ஆணை போட்டார், சித்திரவதையை ஒழிச்சார், 1770-ல பத்திரிகைத் தணிக்கையை அடியோட எடுத்தார், எடுத்ததும் ஜனங்க அவரையே கிழிச்சு துண்டுப் பிரசுரம் போட்டாங்க, அதுல சிலது ராணியோட அவருக்கு இருந்த தொடர்பைப் பத்தி. 1772 ஜனவரியில ஒரு முகமூடி நடன விருந்து முடிஞ்ச ராத்திரி கைது, ஏப்ரல்ல முதல்ல கையை வெட்டி அப்புறம் தலையை வெட்டினாங்க. சொன்ன சீர்திருத்தம் எல்லாம் நல்லது, நானே ரசிக்கற ஆளுதான், ஆனா அவர் கொண்டு வந்ததுல பெரும்பாலானதை அடுத்து வந்தவங்க அதே சுலபத்துல அழிச்சுட்டாங்க. அதுக்கும் தேவைப்பட்டது அதே ஒரு கையெழுத்துதான்.

1784-ல நடந்தது இன்னும் மோசம், 16 வயசு இளவரசன் மந்திரி சபையில அப்பன்கிட்ட ஒரு பேப்பரை நீட்டி கையெழுத்து வாங்கறான், சித்தப்பன் ராஜாவைக் கையைப் பிடிச்சு இழுக்க, அறையிலயே தள்ளுமுள்ளு. ஒரு நாட்டோட அரசியல் அமைப்பு பூரா, பாவம் புத்தி சரியில்லாத ஒரு மனுஷனோட வலது கையில இருந்துச்சு, அந்தக் கையை யார் பக்கம் இழுக்கறதுன்னு போட்டி. அந்த இளவரசன் நல்ல ஆட்களை வெச்சு நல்லதும் செஞ்சான், மேல சொன்ன 1788 விவசாயி விடுதலை இவன் காலம்தான், 1792-ல அட்லாண்டிக் அடிமை வியாபாரத்தை 1803-லேர்ந்து நிறுத்தணும்னு ஆணையும் வந்துச்சு. எல்லாத்துலயும் கீழ கையெழுத்து ஏழாம் கிறிஸ்டியன். எங்க பக்கத்துல பழைய காசு சேக்கறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, தரங்கம்பாடி செப்புக் காசுல கிரீடத்துக்குக் கீழ அவர் பேரோட முதல் எழுத்தும் 7-ம் பின்னிக்கிட்டு இருக்கும். அவருக்கு இந்த ஊர் இருக்கறதே ஞாபகம் இருந்திருக்குமான்னு எனக்கு சந்தேகம்.

1845-ல எட்டாம் கிறிஸ்டியன் தரங்கம்பாடியையும் வங்காளத்துல இருந்த செராம்பூரையும் இங்கிலீஷ் கம்பெனிக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு வித்தார். அவரும் வரம்பில்லாத ராஜாதான். 1848 மார்ச்ல கோபன்ஹேகன் ஜனங்க ஊர்வலமா அரண்மனைக்குப் போனாங்க, புதுசா வந்த ஏழாம் பிரெடரிக் பெரிய சண்டை இல்லாம விட்டுக்குடுத்தார், 1849 ஜூன் 5 அரசியல் சட்டம். நாலே வருஷ வித்தியாசத்துல எங்க ஊர் அதைத் தவற விட்டுச்சு.

என் கோரிக்கை பெருசா ஒண்ணும் இல்ல. அந்த "நானே அரசு" கேள்வியை இந்த வருஷம் விட்டுடுங்க. பதிலா, 1660-ல டென்மார்க் பிரபுக்கள் எந்த வரிக்கு மறுத்தாங்க, நிபந்தனைப் பத்திரத்தைத் திருப்பிக் குடுக்கச் சொன்னது எந்த ரெண்டு வகுப்பு, கையெழுத்து வாங்காம விட்டது எந்த வகுப்பு, இந்த மாதிரி கேளுங்க. ராஜ ஆணையோட வந்தவரை ராஜாவோட கோட்டையிலயே அடைக்க ஒரு அதிகாரியால எப்படி முடிஞ்சுதுன்னு ஒரு அஞ்சு மார்க் கேள்வி போடுங்க, பசங்க என்ன எழுதறாங்கன்னு பாப்போம். மறுப்பு இருந்தா தாராளமா எழுதுங்க, வாதாட நான் ரெடி. ஆனா சிலபஸ்ல டென்மார்க் இல்லைன்னு மட்டும் எழுதாதீங்க, "டேனியர் வருகை 1620"ன்னு நீங்களேதான் போட்டிருக்கீங்க.

இப்படிக்கு,
பொறையார் பக்கத்து வரலாற்றுப் பைத்தியம் ஒருத்தன்